புயலின் பாதையைப் படித்த பாதிரியார்

பொதுப் பண்டம் என்னும் கருத்தை மாணவர்களுக்கு விளக்கும்போது பொருளாதார ஆசிரியர்களாகிய நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலங்கரை விளக்கத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்திருக்கிறோம். அதன் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதால் மற்றொரு கப்பலுக்கு அது குறைந்துவிடாது. கட்டணம் செலுத்தாத கப்பலிடமிருந்து அதை மறைக்கவும் முடியாது. ஆகவே சந்தை அதைத் தராது, அரசுதான் தர வேண்டும் என்று வகுப்பை முடிப்போம். 1974-இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர், பிரிட்டனில் பழைய கலங்கரை விளக்கங்கள் பலவற்றைத் தனியாரே கட்டி, துறைமுகங்களில் கட்டணம் வசூலித்து நடத்திவந்ததை எடுத்துக்காட்டினார். அதன்பின் அந்த எடுத்துக்காட்டு முன்புபோல் உறுதியாக நிற்கவில்லை. நானும் வேறொன்றைத் தேடினேன். அப்படித் தேடியபோதுதான் பெனிட்டோ வின்யெஸைப் பற்றிப் படித்தேன்.

வின்யெஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். புயல் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே கணித்து, அதை எழுத்தில் வெளியிட்ட முதல் சிலருள் ஒருவர். புயல் முன்னறிவிப்பும் ஒரு பொதுப் பண்டமே. ஆனால் கலங்கரை விளக்கத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் அதற்கு உண்டு. விளக்கின் ஒளி கண்ணுக்குத் தெரியும். முன்னறிவிப்பையோ நம்ப வேண்டும். எவரும் நம்பாத முன்னறிவிப்பின் பயன் சுழியம். அந்த நம்பிக்கையை இந்த மனிதர் எப்படி ஈட்டினார் என்பதும், அவர் மறைந்து ஏறத்தாழ ஏழாண்டுகளில் ஓர் அரசாணை அதை எப்படித் தூக்கியெறிந்தது என்பதும்தான் என்னை அவர்பால் ஈர்த்தன.

1837 செப்டம்பர் 19 அன்று ஸ்பெயினின் கேட்டலோனியப் பகுதியில் போபொலேடா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிலேயே இயேசு சபையில் சேர்ந்தார். 1868-இல் ஸ்பெயினில் புரட்சி வெடித்து அச்சபையினர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அவரும் பிரான்சுக்குச் சென்றார். 1870-இல் சபை அவரைக் கியூபாவுக்கு அனுப்பி, தலைநகர் ஹவானாவில் இருந்த தனது பெலேன் கல்லூரியின் வானிலை ஆய்வகத்தை ஒப்படைத்தது. அடுத்த 23 ஆண்டுகள், இறக்கும்வரை, அந்த ஆய்வகமே அவருடைய உலகம்.

அப்போது கியூபா ஸ்பெயினின் குடியேற்ற நாடு. சர்க்கரையால் செழித்த தீவு. அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1868-இல் தொடங்கிய விடுதலைப் போர் தீவின் கிழக்குப் பகுதியில் நடந்துகொண்டிருந்தது. போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் வரும். 1844-லும் 1846-லும் அக்டோபர் மாதங்களில் ஹவானாவைத் தாக்கிய இரு பெரும்புயல்களை நகரத்தின் முதியவர்கள் மறக்கவில்லை. கியூப அறிஞர் ஆந்த்ரேஸ் போய், 1493 முதல் 1855 வரை மேற்கிந்தியத் தீவுகளிலும் வட அட்லாண்டிக்கிலும் வீசிய 400 புயல்களைத் தேடித் தொகுத்துப் பட்டியலிட்டிருந்தார். ஆனால் அது வந்துபோன புயல்களின் கணக்கு. வரப்போகும் புயலைப் பற்றிச் சொல்ல எவரும் இல்லை.

அன்றைய அறிவியல் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புயல் என்பது மையம் ஒன்றைச் சுற்றிச் சுழலும் காற்று என்பது தெரிந்திருந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1848-இல் வெளியிட்ட நூலில்தான் அதற்கு சைக்ளோன் என்ற பெயரையே வைத்தார். நடுக்கடலில் புயலில் சிக்கிய மாலுமி, காற்று வீசும் திசையைக் கொண்டு மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊகித்து விலகிச் செல்ல அந்த அறிவு உதவியது. ஆனால் கரையில் இருப்பவனுக்கு அது போதாது. புயல் இன்னும் வந்து சேராத நாளில், அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, வலுக்கிறதா தளர்கிறதா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வின்யெஸ் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

அவரிடம் பெரிய கருவிகள் இல்லை. காற்றழுத்தமானி, வெப்பமானி, காற்றுத்திசை காட்டி, இவற்றோடு கண்கள். விடியுமுன் தொடங்கி இரவு வரை நாள்தோறும் பலமுறை அளவெடுத்துக் குறித்தார். ஆய்வகத்தில் தமக்கு முன் இருந்தவர்கள் எழுதிவைத்த பழைய குறிப்பேடுகளை எல்லாம் புரட்டி, ஒவ்வொரு புயலுக்கும் முந்தைய நாள்களில் வானம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டார். மேகங்களை அவர் பார்த்த விதத்தில்தான் புதுமை இருந்தது.

புயலின் அடிப்பகுதியில் காற்று சுழன்றபடி மையத்தை நோக்கி உள்ளே பாய்கிறது. அங்கே மேலெழும்பி, மிக உயரத்தில் எல்லாப் பக்கமும் வெளியே விரிகிறது. அப்படி விரியும் காற்று, இறகுபோன்ற மெல்லிய கீற்று மேகங்களை நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்கு முன்னே அனுப்பிவைக்கிறது. ஹவானாவில் வெயில் காயும், காற்றழுத்தமானியும் இறங்கியிருக்காது. ஆனால் வானத்தின் மிக உயரத்தில் இந்தக் கீற்றுகள் விசிறியின் மடிப்புகள்போலத் தோன்றும். அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் தொடுவானத்தில் ஓரிடத்தில் கூடும். புயலின் மையம் அந்தத் திசையில் இருக்கிறது என்று வின்யெஸ் கண்டார். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தால், அந்தக் கூடுமிடம் தொடுவானத்தின் வழியே நகர்ந்திருக்கும். எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமாகப் புயல் நம்மைக் கடந்துபோகிறது. நகராமல் ஒரே திசையில் நின்றால் அது நம்மை நோக்கி வருகிறது.

கீற்று மேகம் ஒரு திசை, அதற்குக் கீழுள்ள மேகம் வேறொரு திசை, தரைக்காற்று மற்றொரு திசை என்று ஒவ்வோர் அடுக்கும் ஓர் ஒழுங்கோடு திரும்பியிருப்பதையும் அவர் கண்டு அதை விதியாக வகுத்தார். வானூர்தியோ செயற்கைக்கோளோ கனவிலும் இல்லாத காலத்தில், புயலின் முப்பரிமாண வடிவத்தைத் தரையில் நின்றபடி ஒரு மனிதர் மனத்தில் கட்டியெழுப்பினார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

1875 செப்டம்பர் 11 அன்று அவருடைய முதல் எச்சரிக்கை ஹவானாவில் வெளிவந்தது. அடுத்த இரு நாள்களில் புயல் கியூபாவின் தெற்குக் கரையையொட்டிக் கடந்தது. தற்செயலாக, நம் நாட்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டதும் அதே 1875-இல்தான். கியூபாவைக் கடந்த அந்தப் புயல் அதோடு ஓயவில்லை. மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் இருந்த இண்டியானோலா என்ற செழிப்பான துறைமுக நகரத்தைச் சிதைத்தது. கியூபாவில் சொல்லப்பட்ட புயல் டெக்சஸில் உயிர்களைக் கொண்டுபோனது. இந்தப் பாதையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறு ஆண்டு செப்டம்பர் 13 அன்று போர்ட்டோ ரிக்கோ தீவை ஒரு கடும்புயல் தாக்கியது. வின்யெஸ் அங்கே நேரில் சென்றார். எந்தத் திசையில் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன, எந்தப் பக்கச் சுவர் முதலில் விழுந்தது, காற்று எப்போது திரும்பியது என்று ஊர் ஊராகக் குறித்துக்கொண்டார். விழுந்த மரம் காற்றின் திசையைப் பொய் சொல்லாமல் காட்டிக்கொண்டு கிடக்கிறது. இன்று பேரிடருக்குப் பின் வல்லுநர் குழுக்கள் செய்யும் கள ஆய்வை அவர் அன்றே தனியாளாகச் செய்தார். அக்டோபர் 19 அன்று ஹவானாவையே ஒரு புயல் தாக்கியது. அதையும் அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். இந்த இரண்டு ஆண்டுப் புயல்களைப் பற்றிய அவருடைய நூல் 1877-இல் வெளிவந்தது.

இதன்பின் அவர் செய்ததுதான் ஒரு பொருளாதார மாணவனின் கண்ணில் மிகப் பெரிய காரியம். ஓர் ஊரின் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் முன்புதான் சொல்ல முடியும். கிழக்கே உள்ள தீவுகளிலிருந்து செய்தி வந்தால் இன்னும் முன்பே சொல்லலாம். 1867-இலேயே ஹவானாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டிருந்தது. 1870-களின் தொடக்கத்தில் மற்றத் தீவுகளும் இணைக்கப்பட்டன. கம்பி இருந்தது, ஆனால் கடலடித் தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை அதிகம். எதுவும் சேமித்துவைக்காத பாதிரியாருக்கு அந்தச் செலவு எட்டாதது.

வின்யெஸ் யாரிடம் போனார் என்பதைக் கவனியுங்கள். புயலால் இழக்கக்கூடியவர்களிடம் போனார். கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டு முகவர்களும் வணிகர்களும் பணமும் கருவிகளும் கிடைக்க உதவினர். தந்தி நிறுவனம் புயல் செய்திகளைக் கட்டணமின்றி அனுப்ப ஒப்புக்கொண்டது. தீவுகளெங்கும் அவருக்குத் தகவல் அனுப்புவோர் உருவாயினர். ஒரு கப்பல் மூழ்கினால் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகையோடு ஒப்பிட்டால் ஒரு தந்தியின் விலை தூசு என்பதை அந்த வணிகர்களுக்கு எவரும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை என்று அவர் ஒருபோதும் வைத்துக்கொள்ளவில்லை. செய்தித்தாள்களில் வெளியிட்டார், மீனவனும் தோட்டக்காரனும் அதையே படித்தனர், அல்லது படிக்கக் கேட்டனர். சிலர் செலவழிக்க, எல்லோரும் பயன்பெற்றனர். பாடநூல்கள் இதை இலவசச் சவாரி என்று குறைசொல்லும். ஹவானாவில் அது குறையாகத் தெரியவில்லை.

அவருடைய எச்சரிக்கைகள் எழுதப்பட்ட முறையும் கவனத்துக்குரியது. புயல் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நிறுத்தமாட்டார். காற்றழுத்தமானி என்ன காட்டுகிறது, மேகங்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, அதனால் புயல் எங்கே இருக்க வேண்டும், எந்தப் பக்கம் நகரலாம் என்று படிப்படியாக விளக்குவார். உறுதியானதையும் ஊகமானதையும் பிரித்துக் காட்டுவார். படித்தவர்கள் தாங்களும் அண்ணாந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இப்படிப் பதினெட்டு ஆண்டுகள். ஹவானா துறைமுகத்தில் பாதிரியாரின் சொல்லைக் கேட்டுப் பாய்மரம் ஏற்றுவதும் இறக்குவதும் வழக்கமாகிவிட்டது. மாலுமிகள் கடலில் தாங்களே புயலின் மையத்தையும் போக்கையும் கணிக்க உதவும் ஒரு சிறு கருவியையும் அவர் வடிவமைத்துக் கொடுத்தார்.

பாதையைப் பற்றி அவர் வகுத்த விதி ஒன்று பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ளத் தேவைப்படுகிறது. அப்பகுதியின் புயல்கள் முதலில் மேற்கு நோக்கி வரும். பிறகு வடக்கே வளைந்து, வடகிழக்காகத் திரும்பி அட்லாண்டிக்கில் மறையும். எந்த இடத்தில் வளையும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும் என்று அவர் கண்டார். ஜூன், அக்டோபர் மாதங்களில் ஹவானாவின் அட்சரேகைக்கு அருகிலோ அதற்குத் தெற்கிலோ வளையும். ஆகஸ்டில் வெகு வடக்கே சென்ற பின்பே வளையும். ஜூலையும் செப்டம்பரும் இடைப்பட்டவை. ஹவானாவாசிகள் ஏன் அக்டோபரைக் கண்டு அஞ்சினர் என்பதற்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. ஆனால் இது சராசரி. தனி ஒரு புயல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அன்றைய வானத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பதே அவர் நடைமுறையில் காட்டிய வழி. சராசரியை விதியாக எடுத்துக்கொண்டு ஏமாறுவது என் துறையினருக்கும் புதிதல்ல. ஆனால் எங்கள் பிழைகளில் ஒரே இரவில் ஊர் மூழ்குவதில்லை.

புயல் எவ்வளவு வலுக்கும் என்பது அவருக்குப் பாதையைவிடக் கடினமான கேள்வியாக இருந்தது. கூடுமிடம் தெளிவாவது, வளிமண்டல அழுத்தம் விழும் வேகம் போன்ற குறிப்புகளைக் கொண்டு ஊகிக்க முடிந்ததே தவிர அளக்க முடியவில்லை. இன்றும் நிலைமை முழுமையாக மாறிவிடவில்லை. பாதையைக் கணிப்பதில் கண்டுள்ள முன்னேற்றத்துக்கு வலுவைக் கணிப்பதில் கண்ட முன்னேற்றம் ஈடாகவில்லை. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோ நகரைத் தாக்கிய ஓட்டிஸ் புயல், ஒரே நாளுக்குள் சாதாரணப் புயல் என்ற நிலையிலிருந்து ஐந்தாம் வகைக்கு வலுத்தது. கணினி மாதிரிகள் எதுவும் அதை உரிய நேரத்தில் சொல்லவில்லை. மேற்பரப்பு மட்டுமின்றி ஆழத்திலும் கடல்நீர் வெப்பமாக இருந்தால் புயலுக்குத் தீனி தீருவதில்லை. மெக்சிகோ வளைகுடா அத்தகைய நீர் உள்ள இடம்.

1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சியையொட்டி நடக்கவிருந்த வானிலை மாநாட்டுக்காகத் தம் ஆய்வுகளை எல்லாம் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எழுதி முடித்த சில நாள்களில், ஜூலை 23 அன்று, ஹவானாவில் காலமானார். வயது 55. அந்தக் கட்டுரையை 1898-இல் ஆங்கிலத்தில் நூலாக அச்சிட்டு வெளியிட்டது அமெரிக்க அரசின் வானிலைத் துறையே.

அதே 1898-இல் ஸ்பெயின் போரில் தோற்றது. கியூபா அமெரிக்க இராணுவ ஆட்சியின்கீழ் வந்தது. ஹவானாவில் அமெரிக்க வானிலைத் துறையின் அலுவலகமும் திறக்கப்பட்டது. அதன் பொறுப்பாளர் வில்லியம் ஸ்டாக்மன், பெலேன் ஆய்வகத்தின் எச்சரிக்கைகள் மக்களை வீணாக அச்சுறுத்துகின்றன என்று கருதினார். தங்கள் தகவல்களைக் கியூபர்கள் திருடுகிறார்கள் என்ற ஐயமும் எழுந்தது. துறைத் தலைவர் வில்லிஸ் மூரின் வற்புறுத்தலால் 1900 ஆகஸ்ட் இறுதியில், புயல் பருவத்தின் உச்சத்தில், அரசின் தந்திக் கம்பிகள் வழியே கியூபர்கள் வானிலைச் செய்தி அனுப்பத் தடை விதிக்கப்பட்டது. வணிகர்களும் பாதிரியாரும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாட்டை ஓர் ஆணை நிறுத்திவிட்டது. முன்னறிவிப்பை ஒரு துறையின் உடைமை என்று அவர்கள் நினைத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அப்போது அது பெரிய புயலாகத் தோன்றவில்லை. அது வடக்கே வளைந்து ஃபுளோரிடா வழியாக அட்லாண்டிக் கரையோரம் போகும் என்று வாஷிங்டன் முடிவுசெய்தது. பெரும்பாலான புயல்கள் அப்படித்தானே போகின்றன. பெலேனில் வின்யெஸின் இடத்தில் லொரென்சோ கங்கோய்ட்டி என்ற பாதிரியார் இருந்தார். தம் முன்னவர் கற்பித்த முறையில் அவர் மேகங்களைப் பார்த்தார். கூடுமிடம் வடமேற்கில் இருந்தது. முன்னைவிடத் தெளிவாகவும் இருந்தது. புயல் வளையவில்லை, வலுத்துக்கொண்டே டெக்சஸை நோக்கிப் போகிறது என்று அவர் கணித்தார். கியூபப் பத்திரிகைகளுக்கு மேல் அந்தக் கணிப்பு செல்லவில்லை.

1875-இன் புயல் சென்ற அதே வளைகுடாவைக் கடந்து, செப்டம்பர் 8 அன்று புயல் டெக்சஸின் கால்வெஸ்டன் நகரத்தில் கரையேறியது. ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த தீவு நகரம். அதன் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டரை எட்டாது. வந்த நீரோ நான்கரை மீட்டருக்கு மேல். இறந்தவர்கள் குறைந்தது 6,000 பேர். 8,000 என்றும் 12,000 என்றும் மதிப்பிடுவோர் உண்டு. அமெரிக்க வரலாற்றில் வேறெந்த இயற்கைப் பேரிடரும் இத்தனை உயிர்களைக் கொண்டதில்லை. அந்நகரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், 1891-இல் உள்ளூர்ப் பத்திரிகையில், கால்வெஸ்டனைப் புயல் பெரிதாகப் பாதிக்கும் என்பது மூடநம்பிக்கை என்ற பொருளில் எழுதியவர். பக்கத்து இண்டியானோலா 1886-இல் இரண்டாம் முறையும் அழிந்து கைவிடப்பட்டு அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்சுவர் கட்டும் யோசனை எழுந்து, செலவை எண்ணிக் கைவிடப்பட்டிருந்தது. அந்தப் புயலில் கிளைன் தம் மனைவியை இழந்தார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 7 அன்று வாஷிங்டன் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, கால்வெஸ்டனில் புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றச் சொன்னது. கங்கோய்ட்டியின் கணிப்பு ஒருநாள் முன்னதாகக் கிடைத்திருந்தாலும் அந்நகர மக்கள் வீடுகளைவிட்டுக் கிளம்பியிருப்பார்களா என்பது ஐயமே. ஹவானாக்காரர்களுக்குப் பெலேன் ஆய்வகத்தோடு முப்பதாண்டுப் பழக்கம் இருந்தது. கால்வெஸ்டன்காரர்களுக்கு அது எங்கோ ஒரு தீவிலிருந்து வரும் அயல்மொழிச் செய்தி. ஆனாலும் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த நகரம் அது. ஒரு நாள் என்பது பல ரயில்கள்.

பேரழிவுக்குப் பின் தந்தித் தடை விலக்கப்பட்டது. செலவை எண்ணிக் கைவிட்ட கடற்சுவரைக் கால்வெஸ்டன் 1902-இல் கட்டத் தொடங்கி, 1904-இல் முதற்கட்டத்தை முடித்தது. மணலைக் கொட்டி நகரத்தின் தரைமட்டத்தையே உயர்த்தினார்கள். பெலேனில் கங்கோய்ட்டி வழக்கம்போல் விடியுமுன் எழுந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார்.